அது நம்மட விளையாட்டு இல்லை மகன்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலா வாசிங்க. றக்பி பற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனா றக்பி பிடிக்காதவங்களும் வாசிக்க வேணும். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறவங்க கட்டாயம் வாசிக்க வேணும்.

போன மாதம் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் சாமான் வாங்கப் போனேன். லொறியில் இருந்து அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒரு பொடியன் என்னைக் கண்டதும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "சேர்!" என்று ஓடி வந்தான். என்னிடம் படித்தவன். கொட்டாஞ்சேனைப் பக்கம் வீடு. ஒன்பதாம் வகுப்பிலேயே என்னைவிட உயரம், அகன்ற தோள். சாதாரண தரத்தில் கணிதம் சரிவரவில்லை. அதோடு பாடசாலை முடிந்துவிட்டது.

"எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு சொன்னான்: "நல்லா இருக்கிறன் சேர். இது ஸ்க்ரம் மாதிரித்தான். குனிஞ்சு தள்ள வேண்டியதுதான்."

அவன் பகிடிக்குத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது இந்தப் பிள்ளை என்னிடம் வந்து, "சேர், நம்மட ஸ்கூல்ல றக்பி தொடங்க ஏலாதா? டீவியில பார்த்தன், எனக்குச் செய்ய ஏலும்" என்று கேட்டவன். நான் சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அது நம்மட விளையாட்டு இல்லை மகன். அதெல்லாம் பெரிய ஸ்கூல் பிள்ளைகளுக்கு. நீ மெத்ஸைப் பார்." அவன் "சரி சேர்" என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

அவன் மெத்ஸும் பாஸாகவில்லை, றக்பியும் விளையாடவில்லை.

அன்று வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரே யோசனை. "நம்மட விளையாட்டு இல்லை" என்று நான் எதை வைத்துச் சொன்னேன்? அப்படியென்றால் அது யாருடைய விளையாட்டு? வீட்டுக்கு வந்து, இந்த விளையாட்டில் நாடும் நாடும் மோதத் தொடங்கிய காலத்தைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். வாசித்ததில் மூன்று விஷயங்கள் என்னைத் தூங்க விடவில்லை. அவற்றை உங்களோடு பகிர்கிறேன்.

முதலாவது, நாட்டின் பெயரில் விளையாட யாருக்கு உரிமை என்ற கேள்வி.

உலகின் முதலாவது சர்வதேச றக்பிப் போட்டி 1871 மார்ச் 27ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் ரேபர்ன் பிளேஸ் மைதானத்தில் நடந்தது. இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் இடையில். அப்போது ஒரு பக்கத்துக்கு 15 பேர் இல்லை, 20 பேர். பார்க்க வந்தவர்கள் ஏறத்தாழ 4000 பேர்.

அந்தப் போட்டி ஏன் வந்தது தெரியுமா? அதற்கு முந்திய வருடம் லண்டனில் "இங்கிலாந்து – ஸ்கொட்லாந்து" என்று பெயர் போட்டு உதைபந்தாட்டப் போட்டி நடத்தினார்கள். ஸ்கொட்லாந்து அணி என்று இறக்கியவர்களில் அநேகர் லண்டனிலேயே குடியிருந்தவர்கள். ஊரில் இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. நம்மட பெயரில் விளையாட அவங்க யார், நம்மட ஆட்டம் இது இல்லையே என்று ஐந்து றக்பிக் கழகங்களின் தலைவர்கள் 1870 டிசம்பரில் பத்திரிகை மூலமே இங்கிலாந்துக்குச் சவால் விட்டார்கள். அந்தச் சவாலில் இருந்துதான் முதல் சர்வதேசப் போட்டி பிறந்தது.

இனி நம் ஊருக்கு வாங்க.

1907 செப்டம்பர் 12. நியூசிலாந்தில் இருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த ஓர் அணி வழியில் கொழும்பில் இறங்கி "சிலோன்" அணியோடு விளையாடியது. 33க்கு 6 என்று சிலோன் தோற்றது. நம் நாட்டின் பெயரில் ஓர் அணி வெளிநாட்டு அணியோடு மோதிய முதல் ஆட்டம் இதுதான். அப்போது நாட்டில் றக்பிச் சங்கம்கூட இல்லை. அது அடுத்த வருடம், 1908இல்தான் உருவானது.

அந்த "சிலோன்" யார்? 1879இல் கொழும்பில் முதல் றக்பிக் கழகத்தைத் தொடங்கியவர்கள் வெள்ளைக்காரர்கள். மலையகத்தில் விளையாடியவர்கள் தோட்டத்துரைமார். கொழும்பில் விளையாடியவர்கள் கம்பனித்துரைமார். நாட்டின் பெயர் அவர்களுடைய சட்டையில் இருந்தது. நாட்டு மக்கள் மைதானத்துக்கு வெளியே இருந்தார்கள்.

கப்பல் கொழும்பில் நின்றதற்குக் காரணம் றக்பி இல்லை. அந்தக் காலத்தில் கிழக்கே போகிற, மேற்கே வருகிற கப்பல்களெல்லாம் நிலக்கரி ஏற்ற நின்ற துறைமுகம் இது. கப்பல்களுக்கு நிலக்கரி சுமந்த முதுகுகள் யாருடையவை என்று கொட்டாஞ்சேனைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. துறைமுகத்தில் நம் ஆட்கள் மூட்டை சுமக்க, மைதானத்தில் வேறு யாரோ "சிலோன்" என்று விளையாடியிருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேலாகி, நாலாம் குறுக்குத் தெருவில் என் மாணவன் இன்னும் மூட்டை சுமக்கிறான்.

இது கொழும்பில் மட்டும் நடந்ததில்லை. ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா பக்கத்தில் இருந்து இங்கே கொண்டு வரப்பட்ட மலாய் மக்களின் உறவுக்காரர்கள்போல ஒரு கூட்டம் தென்னாபிரிக்காவின் கேப் டவுனுக்கும் கொண்டு போகப்பட்டது. அந்த முஸ்லிம் பொடியன்கள் 1880களிலேயே கழகம் அமைத்து றக்பி விளையாடினார்கள். வெள்ளையர் அல்லாதவர்களுக்கென்று 1886இல் அங்கே தனிச் சங்கமும் இருந்தது. ஆனால் 1891இல் தென்னாபிரிக்கா முதன்முதலாக பிரிட்டிஷ் அணியைச் சந்தித்தபோது இறங்கியது வெள்ளையர் மட்டுமே இருந்த அணி. ஆகவே "முஸ்லிம் பிள்ளைக்கு றக்பி சரிவராது" என்று யாராவது சொன்னால், அவருக்கு இதைச் சொல்லுங்க. அவர்களுக்குச் சரிவந்தது, உள்ளே விடத்தான் ஆளில்லை.

இரண்டாவது, "ட்ரை" என்ற சொல்.

இன்று டீவியில் றக்பி பார்ப்பவர்களுக்கு ட்ரை என்றால் ஐந்து புள்ளி. பந்தைக் கொண்டு போய் எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்தால் மைதானமே எழும்பும். ஆனால் 1871இல் ட்ரைக்கு ஒரு புள்ளியும் இல்லை. பந்தைத் தரையில் வைத்தால், கம்பத்துக்கு மேலால் உதைத்துப் பார்க்க ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும், அவ்வளவுதான். "முயன்று பார்" என்ற அர்த்தத்தில்தான் ட்ரை என்ற பெயரே வந்தது. உதை சரியானால் கோல். தவறினால், இருபது பேரை இடித்துக்கொண்டு ஓடி வந்த பாட்டுக்குக் கணக்கில் ஒன்றுமில்லை. முதல் போட்டியில் இங்கிலாந்தும் ஒரு ட்ரை வைத்தது. உதை தவறியது. ஸ்கொட்லாந்து ஒரு கோல் போட்டது, வென்றது.

பிறகு மெல்ல மெல்ல மாறியது. 1880களில் ட்ரைக்கு ஒரு புள்ளி வந்தது. 1893இல் மூன்று. 1971இல் நான்கு. 1992இல் ஐந்து. கடைசி உதையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த விளையாட்டு, அந்த உதைக்கு முந்திய பாட்டையும் எண்ணக் கற்றுக்கொள்ள நூறு வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது.

நம் பாடசாலைகளும் வீடுகளும் இன்னும் 1871இலேயே நிற்கின்றன என்று நான் சொன்னால் கோபிக்காதீங்க. புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி. ஒன்பது ஏ. பல்கலைக்கழக அனுமதி. இவைதான் நமக்குக் கோல். சித்தியடைந்த பிள்ளையின் படத்தைப் போட்டு சந்தியில் பெனர் கட்டுகிறோம். கோல் போடாத பிள்ளை பத்து வருடம் ஓடிய ஓட்டத்துக்கு நாம் என்ன எழுதிக் கொடுக்கிறோம்? வெறும் விடுகைப் பத்திரம்தான்.

இந்த இடத்தில் ஒரு ஆசிரியரைப் பற்றியும் சொல்ல வேணும். 1871 போட்டியில் நடுவர்களில் ஒருவர் அல்மண்ட் என்ற பாடசாலை அதிபர். ஸ்கொட்லாந்து வைத்த ட்ரை சரியா பிழையா என்று இங்கிலாந்து ஆட்கள் பெரிய சத்தம் போட்டார்கள். அவர் சரி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பிறகு அவர் தந்த விளக்கத்தின் சாரம் இது: நடுவருக்குச் சந்தேகம் வந்தால், அதிகமாய்ச் சத்தம் போடும் பக்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வதில் தவறில்லை, அவர்கள்தான் பெரும்பாலும் பிழையாக இருப்பார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் எனக்கு உள்ளே குத்தியது. என்னிடம் வந்த பிள்ளை சத்தமே போடவில்லை. "சரி சேர்" என்றுதான் சொன்னான். சத்தம் போடாத அந்தப் பிள்ளைக்கு எதிராகத்தான் நான் தீர்ப்புச் சொன்னேன்.

மூன்றாவது, ஏழைப் பிள்ளை விளையாடுவதற்கு யார் செலவு செய்வது என்ற கேள்வி.

1907இல் கொழும்பில் இறங்கிய அந்த நியூசிலாந்து அணி அரச மரியாதையோடு வந்த அணி இல்லை. சொந்த நாட்டுச் சங்கத்தோடு முறித்துக்கொண்டு வந்தவர்கள். ஒழுங்குபடுத்தியவர் பாஸ்கர்வில் என்ற இளம் தபால் திணைக்கள எழுதுவினைஞர். அவர்கள் செய்த குற்றம், விளையாடுவதற்குப் பணம் வாங்கப் போனது. பத்திரிகைகள் "ஆல் கோல்ட்ஸ்" என்று பட்டம் வைத்து நக்கலடித்தன.

இதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தின் வடக்கில் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை விளையாடப் போனால் அன்றைய கூலி வெட்டு. அந்தக் கூலியையாவது கழகம் கொடுக்கட்டும் என்று கேட்டார்கள். காசுக்கு விளையாடுவது கௌரவம் இல்லை என்று சங்கத்துப் பெரியவர்கள் மறுத்தார்கள். கூலி வெட்டுப்படாத வீட்டில் பிறந்தவர்களுக்குக் கௌரவம் பேசுவது லேசு. 1895 ஆகஸ்ட் 29ஆம் திகதி ஹடர்ஸ்பீல்டில் ஒரு ஹோட்டலில் கூடி, இருபதுக்கும் மேற்பட்ட கழகங்கள் பிரிந்து போயின. றக்பி இரண்டாக உடைந்தது. விளையாடுபவருக்குச் சம்பளம் கொடுப்பதைத் தாய்ச் சங்கத்தின் பக்கம் ஏற்றுக்கொண்டது 1995இல். சரியாக நூறு வருடம்.

காசு என்றதும் இன்னொன்று. இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் இன்றும் மோதிக்கொள்ளும் கிண்ணத்தின் பெயர் கல்கத்தா கிண்ணம். 1872 நத்தார் தினத்தன்று கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் றக்பி விளையாடினார்கள். அடுத்த மாதமே கழகம் அமைத்தார்கள். அந்த வெயிலுக்கு அது நீடிக்கவில்லை. 1878இல் கழகத்தை மூடும்போது வங்கியில் மிச்சம் இருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி ஒரு கிண்ணம் செய்து லண்டனுக்கு அனுப்பினார்கள். கைப்பிடிகள் மூன்றும் நாகபாம்பு, மூடியில் யானை. 1879இல் முதன்முதலாக அதற்காகப் போட்டி நடந்தது. நம் கொழும்பில் முதல் கழகம் தொடங்கியதும் அதே வருடம்தான். இந்த மண்ணின் ரூபாயை உருக்கி அவர்கள் கிண்ணம் செய்திருக்கிறார்கள். நம் பிள்ளைக்கு ஒரு சோடி பூட்ஸ் வாங்க மட்டும் நமக்குக் காசில்லை.

சரி சேர், பழைய கதையெல்லாம் எதற்கு என்று கேட்பீங்க. காரணம் இருக்கிறது. அந்தப் பூட்டிய கதவு இங்கே எப்படித் திறந்தது என்று பாருங்க. பாடசாலைகள்தான் திறந்தன.

1891இல் கண்டியில் எல். ஈ. பிளேஸ் என்ற ஆசிரியர் ஒரு சிறிய பாடசாலை தொடங்கினார். இன்று அது கிங்ஸ்வூட் கல்லூரி. பெரிய பாடசாலைகளுக்கெல்லாம் முந்தி, இலங்கைப் பிள்ளைகளின் கையில் றக்பிப் பந்தைக் கொடுத்தது அந்தச் சின்னப் பாடசாலைதான். எதிரே விளையாட இன்னொரு பாடசாலை வரப் பதினைந்து வருடம் எடுத்தது. 1906இல் திரித்துவக் கல்லூரியோடு முதல் பாடசாலைப் போட்டி நடந்து, வெற்றி தோல்வியின்றி முடிந்தது. பதினைந்து வருடம் எதிரணி இல்லாமலே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் பதினைந்து செக்கனில் "இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

1950இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணி நியூசிலாந்து, அவுஸ்திரேலியா போய்த் திரும்பும் வழியில் கொழும்பில் விளையாடியது. அப்போது சிலோன் சட்டை போட்டு ஓடியவர்களில் ஒருவர் சும்மா நவரத்தினம். தமிழர், றோயல் கல்லூரியில் படித்தவர், ஆசியாவின் வேகமான மனிதர் என்று பேரெடுத்த ஓட்ட வீரர். தோற்றதென்னவோ பெரிய வித்தியாசத்தில்தான். ஆனாலும் 1907இல் மைதானத்துக்கு வெளியே நின்றவர்களின் பிள்ளை 1950இல் உள்ளே நின்றது. நம் காலத்தில் அதே கிங்ஸ்வூட்டில் படித்த பாஸில் மரிஜா இலங்கை அணிக்குத் தலைமை தாங்கினார். இவர்களில் யாருக்காவது சின்ன வயதில் என்னைப்போல ஒரு சேர் வாய்த்திருந்தால்?

பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"அடிபடும் சேர்." உண்மைதான், மறைக்க மாட்டேன். தலையில் அடிபடுவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் டச் றக்பி என்று ஒன்று இருக்கிறது. பிடித்து விழுத்துவது கிடையாது, கையால் தொட்டால் போதும். பெண் பிள்ளைகளும் விளையாடலாம். அதில் தொடங்குவோம்.

"படிப்புக் கெடும்." டியூஷன் வகுப்பில் இரவு எட்டு மணிக்கு நித்திரை தூங்கும் பிள்ளைக்குப் படிப்பு ஏறுகிறதா? கிழமையில் இரண்டு பின்னேரம் ஓடிவிட்டு வரும் பிள்ளைக்கு என்ன கெட்டுவிடப் போகிறது?

"தொழுகை, நோன்பு, உடுப்பு." அஸரைத் தொழுதுவிட்டு வரலாம், மஃரிபுக்கு முன் வீடு போகலாம். முழங்காலை மறைக்கும் இறுக்கமான உள்காற்சட்டை போட்டு விளையாடுவதைப் பெரிய போட்டிகளிலேயே பார்க்கிறோம். ரமழானில் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். வழி தேடினால் வழி இருக்கிறது.

"நம்மட ஸ்கூலுக்கு கிரவுண்ட் இல்லையே." இதுதான் உண்மையான பிரச்சினை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பல தமிழ்மொழிப் பாடசாலைகளில் காலைக் கூட்டத்துக்கு நிற்கவே இடம் போதாது. அதனால்தான் இந்தப் பதிவு. மைதானம் உள்ள பாடசாலைகளின், கழகங்களின் பழைய மாணவர்கள் இதை வாசிப்பீங்க. உங்கள் மைதானம் கிழமையில் இரண்டு மணித்தியாலம் சும்மா கிடந்தால் அதை எங்கள் பிள்ளைகளுக்குத் தாங்க. காசு கேட்கவில்லை, புல்லைத்தான் கேட்கிறேன். ஆசிரியர் நண்பர்களே, உங்களிடம் கேட்பது அதைவிடக் குறைவு. ஒரு பிள்ளை வந்து ஏதாவது தொடங்க ஏலாதா என்று கேட்டால், "இல்லை" என்று சொல்ல முந்தி ஒரு நாள் யோசிங்க.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீங்க. போன ஞாயிறு திரும்பவும் நாலாம் குறுக்குத் தெருவுக்குப் போனேன். அவனைக் கூப்பிட்டு, "மகன், அன்றைக்கு நான் சொன்னது பிழை" என்று சொன்னேன். அவன் பதறிப்போனான். "ஐயோ சேர், அதெல்லாம் எப்பவோ" என்றான். வருகிற ஞாயிறு பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு டச் றக்பி தொடங்கப் போகிறோம், பந்து ஒன்று வாங்கிவிட்டேன், நீ வந்து தோள் கொடுக்க வேணும் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "பூட்ஸ் இல்லையே சேர்" என்றான்.

மணலில் வெறுங்கால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் இன்ஷா அல்லாஹ் ஒரு நாள் புல் கிடைக்கும். யாருடைய வீட்டிலாவது பழைய றக்பி பூட்ஸ் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்க. பத்தாம் அளவு. சின்ன அளவுகளும் தேவைப்படும்.